உன் பெயருக்கு நான் சொன்ன ஆமா

திகன,
வெசாக் முடிந்த புதன்கிழமை.

அன்புள்ள மகள் துஷானிக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் இங்கே சுகம். நீ சுகமா என்று கேட்டால் காய்ச்சலில் படுத்திருந்தாலும் சுகம் என்றுதான் சொல்வாய், அதனால் அதைப் பிள்ளையாரிடமே கேட்டுக்கொண்டு மற்ற விஷயங்களுக்கு வருகிறேன். தினமும் போனில் முகம் பார்க்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் சில பேச்சைத் தொடங்கினால் நீ சிக்னல் சரியில்லை என்பாய், நானும் சரி சாப்பிட்டாயா என்று மாற்றிவிடுவேன், இரண்டு பேரும் அதில் கெட்டிக்காரர்கள் ஆகிவிட்டோம். பக்கத்து வீட்டு பஸ்னா, அவளுடைய தம்பி மனைவியின் பிரசவத்துக்காக அடுத்த கிழமை மெல்பேர்ண் வருகிறாள். அவளிடம் கறித்தூளும் நீ கேட்ட பருத்திச் சட்டைகளும் கொடுத்திருக்கிறேன். சாப்பாட்டுச் சாமானில் பாதியை ஏர்போர்ட்டிலேயே எடுத்துக் குப்பையில் போடுவார்கள் என்று அவள் கணவர் ரஸீன் பயமுறுத்துகிறார். கடிதத்தை யாரும் எடுக்க மாட்டார்கள் என்பதால் இதையும் சட்டைக்குள் வைத்துவிட்டேன்.

வீட்டில் பெரிய செய்தி ஒன்றும் இல்லை. குசினிக் கூரையில் ஒழுகிய இடத்துக்குத் தகரம் அடித்தாயிற்று, இப்போது அதற்கு அடுத்த இடத்தில் ஒழுகுகிறது. கண்டிக்கு பஸ்ஸில் போய்ப் புத்தகக் கடைக் கணக்கைப் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் வந்துவிடுகிறேன், முதலாளி நல்ல மாதிரி, மழை பெய்தால் நேரத்தோடு அனுப்பிவிடுவார். ஆனால் நேரத்தோடு வந்து என்ன செய்வது என்று அவருக்குத் தெரியாது. ஒரு ஆளுக்குச் சமைப்பதுதான் இன்னும் பிடிபடவில்லை. பிட்டுக் குழலில் பாதிக்கு மா போட்டால் ஆவி சரியாக ஏறுவதில்லை, அதனால் முழுக் குழல் அவித்துப் பாதியை ரஸீன் வீட்டுக் கோழிகளுக்குப் போடுகிறேன். கோழிகள் நன்றாகக் கொழுத்துவிட்டன, "துஷானி போனதுல எங்கட கோழிக்குத்தான் லாபம் அக்கா" என்று பஸ்னா சொல்கிறாள், நானும் சிரித்தேன். சில நாள் கடையில் பேசியதோடு சரி, மறுநாள் காலையில் கண்டக்டரிடம் டிக்கெட் கேட்கும்போதுதான் என் குரலை நானே மறுபடி கேட்கிறேன், தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்க வேண்டியிருக்கிறது. உன் கழுத்து வலி எப்படி இருக்கிறது? இரவு வேலை முடிந்து வந்ததும் தலைக்குக் குளிக்காதே, அங்கே குளிர் தொடங்கிவிட்டது என்றாய்.

இப்போது எழுத வந்த விஷயம். இங்கே பிரதேச சபைத் தேர்தல் முடிந்தது உனக்குத் தெரியும், ஓட்டுப் போட்டேன் என்று போனில் ஒரு வரியில் சொன்னேன், அன்றைக்கு உள்ளே நடந்ததைச் சொல்லவில்லை. வாக்காளர் அட்டை வழக்கம்போல இரண்டு வந்தது, உன்னுடையதும் என்னுடையதும். தபால்காரர், மகள் வந்திருக்கிறாவா என்று கேட்டார், இல்லை என்று தலையை மட்டும் ஆட்டி வாங்கிக்கொண்டேன். இரண்டையும் என் அடையாள அட்டையோடு அந்தப் பழைய பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தேன், நாம் இரண்டு பேரும் சேர்ந்து போன காலத்தில் அப்படித்தானே கொண்டுபோவோம். அன்று கடைக்கு லீவு. காலையிலேயே போனால் கூட்டம் குறைவு என்று போனேன், எல்லோரும் அதையே நினைத்து வந்திருந்தார்கள். பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் வெசாக் விளக்குக் கூட்டுக்கு மூங்கில் சீவி வைத்திருந்தார்கள், அதைச் சுற்றிக்கொண்டு வரிசை ரோடு வரைக்கும் நின்றது. எனக்கு முன்னால் பஸ்னா நின்றாள். "இந்த வெயில்ல நிக்க வெச்சதுக்கே இவனுகளுக்கு ஓட்டுப் போடக் கூடாது" என்று அவள் சொல்ல, முன்னால் நின்ற ஒரு பெரியவர் திரும்பி, "போன கெழம வந்து என் காலத் தொட்டுக் கும்பிட்டான்மா, நாளக்கிப் போனா என் காலு கதவுக்கு வெளியதான் நிக்கும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். முதல் தடவை ஓட்டுப் போட வந்த பிள்ளைகளுக்கு எந்த விரலைக் காட்ட வேண்டும் என்று தாய்மார் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். உனக்கும் நான் சொல்லிக் கொடுத்தேன், நீ வலது கையை நீட்டினாய்.

வரிசையில் நிற்கும்போது என் அப்பாவை நினைத்தேன். உன்னிடம் இதை விவரமாகச் சொன்னதில்லை. அவர் கண்டியிலேயே பிறந்து கண்டியிலேயே கடையில் நின்று கண்டியிலேயே செத்தவர், ஆனால் இந்திய வம்சாவளி என்று பிரஜாவுரிமை கொடுக்காததால் ஒரு தேர்தலில்கூட ஓட்டுப் போடவில்லை. தேர்தல் நாளில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ரோட்டோரமாக நின்று மற்றவர்கள் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பார், யாராவது "என்ன பெரியதம்பி, நீங்க போகலியா" என்று கேட்டால் "இப்பத்தான் போகணும்" என்பார். எனக்கு உரிமை கிடைத்து முதல் வாக்காளர் அட்டை வந்தபோது அவர் இல்லை. அதனால்தான் மழையோ வெயிலோ நான் ஒரு தேர்தலையும் விடுவதில்லை, வேறு பெரிய அரசியல் ஒன்றும் என்னிடம் இல்லை.

உள்ளே போனதும் எனக்கு வழக்கமான கூச்சம் வந்துவிட்டது. அத்தனை மேசை, அத்தனை கண்கள், கட்சிக்காரர்கள் வரிசையாகக் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் உன்னோடு படித்த சுதேஷும் இருந்தான், தாடி வைத்திருக்கிறான், எழும்பி வரக் கூடாததால் தலையை ஆட்டினான். உறையிலிருந்து அட்டையை எடுத்து என் அடையாள அட்டைக்கு மேல் வைத்து முதல் மேசையில் கொடுத்தேன். கையில் வந்தது எந்த அட்டை என்று நான் பார்க்கவில்லை. அங்கே இருந்த சிங்கள அம்மா அடியிலிருந்த அடையாள அட்டையைப் பார்க்கும் முன்பே எல்லோருக்கும் கேட்க இலக்கத்தையும் பெயரையும் வாசித்தார். "சந்திரகுமார் துஷானி." நான் "ஆமா" என்றேன். மகளே, அது பொய் சொல்ல வேண்டும் என்று வந்தது இல்லை. நீ பிறந்ததிலிருந்து ஆஸ்பத்திரியில், கிளினிக்கில், பள்ளிக்கூடத்தில், பல் டாக்டரிடம், எங்கே உன் பெயரைக் கூப்பிட்டாலும் எழும்பி ஆமா சொன்னது நான்தானே. நீ பேசாத பிள்ளை, என் பின்னால் சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்பாய். எவ்வளவு காலமாகவோ யாரும் உன் முழுப் பெயரை என் காதுபட உரக்கக் கூப்பிடவில்லை. கேட்டதும் வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் எங்கே நிற்கிறேன் என்று தெரிந்தது.

சுதேஷ் பதறிப்போய், "ஆன்ட்டி, அது துஷானி பேருங்க" என்றான். அவனுக்குப் பக்கத்தில் வேறு கட்சியின் ஆள் ஒருவர், யாரென்று எனக்குத் தெரியாது, "மகளோட ஓட்டயும் சேத்துப் போட்டுட்டுப் போகலாம்னு வந்திருக்காங்க போல, நல்ல அம்மா" என்றார். யாரோ சிரித்தார்கள். வாசலில் நின்ற பொலிஸ்காரர் திரும்பிப் பார்த்தார். பேராதனையில் அரசியல் விஞ்ஞானம் படித்து, தேர்தல் முறைகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதித் தேறியவள் நான், எங்கள் பரம்பரையிலேயே முதல் பட்டதாரி. அந்த நேரத்தில் அட்டை மாறிவிட்டது என்ற ஒரு வசனம் எனக்கு எந்த மொழியிலும் வரவில்லை. கள்ள ஓட்டுப் போட வந்தவள் என்று அத்தனை பேருக்கு முன்னால் என்னை வெளியே அனுப்பிவிடுவார்கள், இனி இந்த ஊரில் எப்படி நடப்பது, அப்பா ரோட்டோரம் நின்றதுபோல நானும் நிற்க வேண்டியதுதான் என்று என்னென்னவோ ஓடியது. சுதேஷ் எழும்பி நின்று சிங்களத்தில், எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும் சேர், தவறுதலாகத்தான் நடந்திருக்கும் என்று சொன்னான். பொறுப்பதிகாரி என்னைத் தன் மேசைக்குக் கூப்பிட்டு உறையைத் திறந்து காட்டச் சொன்னார். என் அட்டை அதற்குள்ளேயே இருந்தது. அவர் இரண்டு அட்டையையும் பார்த்தார், என் முகத்தையும் பார்த்தார். பிறகு குரலைத் தணித்து, "துவ கோ?" என்று கேட்டார், மகள் எங்கே என்று. நான் "துவ மெஹே நெஹெ" என்றேன். மகள் இங்கே இல்லை. இத்தனை நாளும் கேட்டவர்களுக்கெல்லாம் படிக்கப் போயிருக்கிறாள், வேலை பழகப் போயிருக்கிறாள், வந்துவிடுவாள் என்றுதான் சொல்லியிருக்கிறேன். இல்லை என்று வாயால் சொன்னது இதுதான் முதல் தடவை. வேறு மொழியில் சொன்னதால் அது வேறு யாருடைய வீட்டுச் செய்தியோ போல இருந்தது.

அவர் நல்ல மனிதர். ஆள் இல்லாத பெயரை வைத்திருக்கக் கூடாது அம்மா, உங்களுக்குத்தான் கரைச்சல், கிராம சேவகரிடம் சொல்லி எடுத்துவிடுங்கள் என்று சொல்லி என்னை மறுபடி முதல் மேசைக்கு அனுப்பினார். அந்த அம்மா பட்டியலில் உன் பெயருக்குக் கீழே கோடு போடும் அடிமட்டத்தை வைத்தபடியே காத்திருந்தார், கோடு இன்னும் விழவில்லை. அடிமட்டத்தை ஒரு வரி மேலே தள்ளி என் பெயரை வாசித்தார். நான் சொன்ன ஆமா அவருக்குக் கேட்கவில்லை, இரண்டாம் தடவை வாசித்தார். என் பெயருக்கு மேல் கோடு விழுந்தது. உன்னுடையது அப்படியே இருந்தது. விரலில் மை பூசினார்கள், சீட்டு வாங்கினேன், புள்ளடி போட்டேன், மடித்துப் பெட்டியில் போட்டேன். புள்ளடி கொஞ்சம் கோணல், ஆனால் கட்டத்தை விட்டு வெளியே போகவில்லை. திரும்பும்போது சுதேஷ் மெதுவாக, "துஷானியக் கேட்டதா சொல்லுங்க ஆன்ட்டி" என்றான். சொல்லிவிட்டேன். வெளியே பஸ்னா காத்து நின்று, "என்ன அக்கா, உள்ள போய் நீங்களும் தேர்தல் கேட்டுட்டா வாரீங்க, இவ்வளவு நேரம்?" என்றாள். அட்டை மாறிவிட்டது என்று மட்டும் சொன்னேன். அவளுக்கு ஏதோ விளங்கியிருக்க வேண்டும், வீடு வரைக்கும் கோழிகளைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் இதையெல்லாம் உன்னிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. உனக்கு போன் எடுத்தேன், நீ வேலையில் இருந்தாய். பஸ்னா என் பக்கத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். போனில் உன் பழைய படங்களைத் தள்ளிப் பார்த்தேன், அதற்கு முந்திய சனிக்கிழமை நீ அனுப்பிய படம் வந்தது. ஏதோ ஒரு பள்ளிக்கூட வாசலில் சிநேகிதிகளோடு நின்று பாணுக்குள் சொசேஜ் வைத்துச் சாப்பிடுகிறாயே, அது. நான் அன்றைக்கு ஏதோ பள்ளிக்கூட விழா என்று நினைத்து, நன்றாகச் சாப்பிடு என்று எழுதியிருந்தேன். பஸ்னா எட்டிப் பார்த்துவிட்டு, "இது அங்கத்தய தேர்தல் அக்கா, ஓட்டுப் போடுற எடத்துல இத விப்பாங்களாம், தம்பியும் படம் அனுப்பினான், அவன் இப்ப சிட்டிசன்தானே, போடாட்டி பைனாம்" என்றாள். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவள் போன பிறகு அந்தப் படத்தைப் பெரிதாக்கி உன் விரல்களைப் பார்த்தேன், இரண்டு கையிலும். ஒன்றும் இல்லை. பிறகு கடையில் விசாரித்தேன், அங்கே மை பூசும் வழக்கமே இல்லையாம்.

நீ சிநேகிதிகளுக்குத் துணையாகப் போயிருக்கலாம். அந்த நாட்டுப் பிரஜையாகி ஓட்டுப் போடவே போயிருக்கலாம். போட்டிருந்தால் நான் கோபிக்க மாட்டேன் துஷானி, சத்தியமாக. இருக்கிற இடத்தில் உரிமை இல்லாமல் ஒரு ஆயுள் முழுக்க நிற்பது எப்படி இருக்கும் என்று நம் வீட்டில் தெரியும், அது உனக்கு வேண்டாம். நீ அதை என்னிடம் சொல்லப் பயந்தாய் என்பதுதான் எனக்குக் கொஞ்சம் கஷ்டம். என்னைப் போலவே வளர்த்துவிட்டேன். வருடா வருடம் கிராம சேவகர் பெயர்களைப் பதிய வரும்போது உன் பெயரை நானே சொல்லி எழுதச் செய்கிறேன், "மகள் எப்பங்க வாராங்க" என்று கேட்பார், வந்துடுவா என்பேன். உன் அப்பாவின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்தபோது அது செத்துப்போனவருடையது, நான் ஒன்றும் செய்திருக்க முடியாது. உன்னுடையதை நீ உயிரோடு இருக்கும்போது என் வாயால் எடுக்கச் சொல்ல வேண்டும். இனியும் வந்துவிடுவாள் என்று அவரிடம் சொல்ல எனக்கு வராது, அந்த மேசைக்கு முன்னால் ஒரு தடவை உண்மையைச் சொல்லிவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். பஸ்னாவின் தம்பி வீட்டில் பிள்ளை பிறந்ததும் வெறுங்கையோடு போய்ப் பார்க்காதே. எந்த மண்ணில் நின்றாலும் நீ தலைநிமிர்ந்து நன்றாக இரு, பிள்ளையார் உனக்குத் துணை, அம்மாவின் ஆசி எப்போதும் உண்டு.

ஒன்றை மட்டும் மறக்காதே. அடுத்த மாதப் பௌர்ணமி, பொசன் போயாவுக்கு அடுத்த சனிக்கிழமை பின்னேரம் கிராம சேவகர் வருகிறார். உன் பெயரை எழுதச் சொல்வதானால் அன்று பின்னேரம் போன் எடு, பேசக்கூட வேண்டாம், அடித்தாலே போதும். இல்லையென்றால் அன்றைக்கு மட்டும், சாப்பிட்டீங்களா அம்மா என்று கேட்கக்கூட எடுக்காதே. ஞாயிற்றுக்கிழமை எப்போதும்போல எடு, எப்போதும்போலப் பேசுவேன்.

அன்புடன்,
அம்மா
நிரஞ்சனி