கூடுதலாக ஓர் எல்

மல்லேஸ்வரம்,
14 ஜூலை 2025

சௌபாக்கியவதி அனந்தலக்ஷ்மிக்கு அநேக ஆசீர்வாதங்கள்.

இங்கு நலம். நீயும் ஈஜிபுராவில் உன் தோழி சாந்தகுமாரியின் வீட்டில் நலமாக இருப்பாய் என நம்புகிறேன். கைபேசியில் அழைத்தால் நீ எடுப்பதில்லை, ஆகவே தபால்.

பொருள்: என் சதாபிஷேகம். புரோகிதர் பத்ரிநாத் ஆகஸ்ட் 28, வியாழக்கிழமை காலை என்று நாள் குறித்துக் கொடுத்துவிட்டார். எண்பது கடந்தவன் நானே ஆனாலும், பக்கத்து மணையில் பத்தினி அமராமல் சங்கல்பமே செய்ய முடியாது என்பதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி, பலகை விவகாரம். சனிக்கிழமைப் பாசுர கோஷ்டிக்கு எல்லோரையும் அழைத்து, ஆங்கிலத்தில் நீயே எழுதி, நம் குடியிருப்பின் அறிவிப்புப் பலகையில் ஒட்டினாய். ‘வெல்கம்’ என்பதில் இரண்டு எல். ‘ரிசீவ்’ என்பதில் ஐ-யும் இ-யும் இடம் மாறி நின்றன. கீழே நம் வீட்டு எண். தலைமைச் செயலகத்தில் என் மேசைக்கு வந்த எந்த வரைவும் சிவப்பு மை படாமல் மேலே போனதில்லை. அந்தப் பழக்கத்தில் வட்டமிட்டுத் திருத்தி, பலகையிலேயே மீண்டும் குத்தினேன். கர்னல் கோவிந்தப்பா சிரித்தார். லிஃப்டுக்கு நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். அதற்காக ஒருத்தி பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவாளா?

ரகுராம் தினமும் ஒயிட்ஃபீல்டிலிருந்து கூப்பிட்டு, “அம்மா வந்தாச்சா?” என்கிறான். ‘நாளைக்கு’ என்று சொல்லி வைத்துவிடுகிறேன். டிகாக்ஷனும் சரியாக இறங்குவதில்லை.

உடனே புறப்பட்டு வரவும்.

இங்ஙனம்,
கா. வெங்கடகிருஷ்ணன்
ஓய்வுபெற்ற சார்புச் செயலர்


ஈஜிபுரா,
19 ஜூலை 2025

ஆத்துக்காரருக்கு, அடியேன் அனந்தலக்ஷ்மி சேவித்துச் சமர்ப்பிக்கும் விண்ணப்பம்.

பெருமாள் கிருபையால் சுகம். சதாபிஷேக நாள் அறிந்து மகிழ்ந்தேன். டிகாக்ஷன் இறங்காவிட்டால் வடிகட்டியின் அடித்தட்டை நெருப்பில் காட்டிக் கழுவ வேண்டும். பொடியின் மேல் குற்றமில்லை.

நான் சிரிப்புக்காகக் கிளம்பவில்லை. அழைத்தது பெருமாளின் பெயரைச் சொல்ல. அந்த அழைப்பைத் தாங்கள் ஒரு கீழ்நிலை எழுத்தரின் வரைவாக்கித் தெருவில் நிறுத்தினீர்கள். வெண்பாவில் தளை தட்டினால், தெரிந்தவர் பாடியவனின் காதருகே குனிந்து சொல்வார். சபையைக் கூட்டிச் சொல்லமாட்டார். கற்றவர்க்கு அதுவே அழகு என்று தாங்களே பலருக்கு உபதேசித்ததைக் கேட்டிருக்கிறேன்.

இப்போது செவ்வாய், வியாழன் மாலைகளில் சாந்தகுமாரி வீட்டு மாடியில் ஆங்கிலம் படிக்கிறேன். கிருத்திகா என்ற பெண் தன் கம்பெனி வேலை முடிந்து வந்து சொல்லிக்கொடுக்கிறாள். பெருக்கித் துடைப்பவர்களும், தையல்காரிகளும், அடியேனும் மாணவிகள். ‘நைஃப்’ என்ற சொல்லின் தலையில் ஒரு ‘கே’ ஓசையில்லாமல் நிற்பதைப் பார்த்ததும், ஓர் அலுவலகத்தில் தரை துடைக்கும் நாகரத்னா எழுந்தாள். “ஆன்ட்டி, இந்த கே-வ பாருங்க, ஒரு வேலையும் செய்யாம முன்னாடி குந்திகினு சம்பளம் வாங்குது. அப்படியே எங்க சூப்பர்வைசர்!” மாடி முழுவதும் சிரித்தது. அந்தச் சிரிப்பில் யாரும் குறுகிப் போகவில்லை.

தாங்கள் வட்டமிட்ட ‘ரிசீவ்’ பற்றியும் கேட்டேன். ஐ முன்னே, இ பின்னே. சி-க்கு அடுத்து மட்டும் இ முந்தும் என்பது விதியாம். நன்று என்று எழுதிக்கொண்டேன். மறு வரியிலேயே ‘சயின்ஸ்’ வந்தது. சி-க்கு அடுத்து ஐ முந்தி நிற்கிறது. “ரூல் இருக்கு மாமி. ஆனா ரூல் பேச்சைக் கேக்காததுங்களும் நெறைய இருக்கு” என்றாள் கிருத்திகா. ‘கர்னல்’ என்பதில் வாயில் வரும் ஆர், எழுத்தில் எங்குமே இல்லை! நம் கர்னலைக் கேட்டுப் பாருங்கள், அதை எந்தப் போரில் இழந்தார் என்று. ‘வெல்’ தனியே நின்றால் அதற்கு இரண்டு எல். ‘கம்’ உடன் சேர்ந்ததும் ஒன்று காணாமல் போகிறது. சேர்ந்து வாழப் போன இடத்தில் ஒன்றை இழப்பது எனக்குப் புதிதல்ல. ஆனாலும் அந்த எல்லுக்காக வருந்தினேன்.

நம் இலக்கண ஆசிரியர்கள் விதியெல்லாம் சொல்லி முடித்து, இதில் அடங்காதனவும் உண்டு, அவற்றையும் ஏற்றுக்கொள்க என்று புறனடை எழுதிவைத்தார்கள். நம் ஆத்தில் விதிகள் உண்டு. புறனடை தங்களுக்கு மட்டுமே இருந்தது.

அடியேன்,
அனந்தலக்ஷ்மி


மல்லேஸ்வரம்,
28 ஜூலை 2025

சௌ. அனந்தலக்ஷ்மிக்கு ஆசீர்வாதம்.

கடிதம் கிடைத்தது. வடிகட்டி சரியாயிற்று.

ஆங்கிலத்தின் விநோதங்களை நீ அடுக்கலாம். ஆயினும் எது விதிவிலக்கு, எது பிழை என்று தீர்மானிப்பவர்கள் பெரியவர்கள். ஈஜிபுரா மாடியில் உட்கார்ந்திருப்பவர்கள் அல்ல. உனக்கு எது வேண்டுமானாலும் சொல், நான் எழுதித் தருகிறேன். இத்தனை காலம் அப்படித்தானே நடந்தது? ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. இந்த வயதில் நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நீ வகுப்புக்குப் போவதை பஜனை மடத்தில் விசாரிக்கிறார்கள். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பலகை விவகாரம் இத்துடன் முடிக்கப்பட்டதாகக் கருதவும். வகுப்பை நிறுத்திவிட்டு ஆடி முடிவதற்குள் வரவும்.

சதாபிஷேகப் பத்திரிகையின் அச்சுப்படி இணைத்துள்ளேன். நானே வரைந்து மூன்று முறை சரிபார்த்தது. ஒரு பிழை காட்டு பார்ப்போம்.

இங்ஙனம்,
கா. வெங்கடகிருஷ்ணன்
ஓய்வுபெற்ற சார்புச் செயலர்


ஈஜிபுரா,
4 ஆகஸ்ட் 2025

ஆத்துக்காரருக்கு, அடியேன் சேவித்து எழுதுவது.

பத்திரிகையைப் படித்தேன். எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். ஆனால் முழுவதும் நானே படித்தேன். தங்கள் பெயர், வகித்த பதவிகள், ரகுராமின் பெயர், அவன் கம்பெனி, மண்டபத்துக்கு வழி எல்லாம் இருந்தன. பிழை ஒன்றும் இல்லை. நானும் இல்லை.

விதிவிலக்கைத் தீர்மானிப்பவர் பெரியவர் என்றீர்கள். எனக்குத் தோன்றுவது வேறு. யாரும் சிரிக்கத் துணியாத பிழைக்குத்தான் விதிவிலக்கு என்று பெயர் போலும்.

ஆகவே சில செய்திகள். இவை நிபந்தனைகள் அல்ல, நடந்தவையும் நடக்கப்போகின்றவையும்.

சதாபிஷேகத்துக்கு வருவேன். அது தாங்கள் கூப்பிட்டதால் அல்ல. அக்னி சாட்சியாகப் பிடித்த கை. அந்த அக்னி மீண்டும் வளரும்போது நான் விலகி நின்றால் பெருமாளுக்குப் பதில் சொல்ல முடியாது. தங்கள் பக்கத்து மணையில் உட்கார்வேன். அன்று மாலை வகுப்பு இருக்கிறது, அதற்குத் திரும்பிவிடுவேன்.

தங்கள் பத்திரிகையில் இடம் இல்லாததால் நானே ஓர் அழைப்பு எழுதினேன், ஆங்கிலத்தில், என் கையெழுத்தில், இருவர் பெயரும் போட்டு. கிருத்திகா பார்த்துவிட்டு, “ரெண்டு மூணு எடம் மட்டும் மாத்திடட்டுமா மாமி?” என்றாள். “தொடாதேடி” என்றேன். ஜெராக்ஸ் எடுத்து உறவுக்கெல்லாம் அனுப்பியாயிற்று, கர்னலுக்கும்தான். தங்கள் சிவப்புப் பேனாவுக்கு எட்டாத தூரம் அது போய்விட்டது. நாகரத்னாவும் மற்றவர்களும் முதல் பந்தியில் உட்கார்வார்கள். என் பக்கத்து விருந்தினர் அவர்கள்.

பெட்டியோடு எப்போது வருவாய் என்றால், அது என் கையில் இல்லை. அன்று பலகையில் நான் ஒட்டிய காகிதத்தில் இருந்ததை இருந்தபடியே, ஓர் எழுத்தையும் மாற்றாமல், தங்கள் கையால் எழுதுங்கள். கீழே தங்கள் பெயரை இட்டு அதே பலகையில் குத்துங்கள். அன்று வருவேன். வந்த பிறகும் வகுப்பை விடமாட்டேன். அதைச் செய்ய மனம் ஒப்பவில்லையானால் தங்களைக் குறைசொல்லமாட்டேன். ஈஜிபுராவிலும் பெருமாள் இருக்கிறார்.

அனந்தலக்ஷ்மி


மல்லேஸ்வரம்,
18 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அனந்தலக்ஷ்மிக்கு,

உன் அழைப்பு எனக்கும் ஒரு பிரதி வந்தது. இரண்டு முறை படித்தேன். பேனாவை எடுக்கவில்லை. எடுக்காமல் இருக்க எழுந்து வாசல் வரை நடக்க வேண்டியிருந்தது.

போன வாரம் பலகைக்காக உட்கார்ந்தேன். பலகையிலிருந்து கழற்றிய பழைய காகிதத்தை நீ கொண்டுபோகவில்லை; என் மேசை இழுப்பறையில்தான் கிடந்தது. அதைப் பார்த்து எழுத ஒரு முழுக் காலை ஆயிற்று. கை தானாகச் சரியான எழுத்துக்கே ஓடுகிறது. பிழையாக எழுத இத்தனை பிரயத்தனம் வேண்டும் என்று எனக்குத் தெரியாது. பெயரைப் போட்டுக் குத்தினேன்.

கர்னல் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, “சார், வெல்கம்ல ஒந்து எல் ஜாஸ்தி ஆகிதெயல்லா!” என்றார், நல்ல உரத்த குரலில். லிஃப்டுக்கு வழக்கம்போல ஆட்கள் நின்றார்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் எழுதுவது என்று கன்னடத்திலேயே சொன்னேன். தங்கள் பட்டத்தில் ஆர் எங்கே என்றும் கேட்டேன். அவர் லிஃப்ட் பொத்தானை இன்னொரு முறை அழுத்தினார். லிஃப்ட் வந்தது.

சனிக்கிழமை அந்தக் காகிதத்தைப் பார்த்து ஏழெட்டுப் பேர் கூடத்துக்கு வந்துவிட்டார்கள். தொடங்கிவைக்க நீ இல்லை. நான் இரண்டு பாசுரம் சொல்லி, மூன்றாவதன் நடுவில் அடி மறந்து நின்றேன். யாரும் சிரிக்கவில்லை.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. ஓரிடத்தில் ஒரு காற்புள்ளி சேர்த்திருக்கிறேன். அது எழுத்து ஆகாது என்று கருதுகிறேன்.

பத்திரிகையைத் திரும்ப அச்சிடச் சொல்லிவிட்டேன். உன் பெயர் முதலில் வருகிறது. முதல் பந்திக்கு நாகரத்னா முதலானோருக்கு இலை சொல்லியாயிற்று. 28-ஆம் தேதி விருந்து முடிந்ததும் முனிராஜ் தன் ஆட்டோவில் உன்னை ஈஜிபுராவுக்கு அழைத்துப்போவான். வகுப்பு முடியும்வரை தெருவில் காத்திருப்பான். பெட்டியை ஏற்றிக்கொள்ள இடம் விடச் சொல்லியிருக்கிறேன்.

வெங்கடகிருஷ்ணன்