நான் அனுப்பிய தண்ணீர்

டன்லோரி, ஸ்காட்லாந்து
மார்ச் 9

அன்புள்ள மகள் ஏலிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் ஏதோ நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளை டோபியும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும், ஆனால் குழந்தை மிர்ரன் எப்படி இருக்கிறாள் என்று கேட்க இந்த முறை எனக்கு வாய் வரவில்லை. எப்போதும் உனக்கு எழுதுகிறவள் அம்மா, நான் கடைசியில் ஒரு வரி கிறுக்குவதோடு சரி. இந்தத் தடவை பேனாவை என் கையில் திணித்து, "தண்ணி பிடிச்சு அனுப்பினது நீ, அதையும் நீயே எழுது மனுஷா" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அவள் சொன்னது நியாயம்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை ஃபோன் பண்ணி, "அந்தக் கேன்ல இருக்கற தண்ணியைத் தொடாதே, எல்லாத்தையும் கொட்டிடு" என்று மட்டும் சொன்னேன், நீ "ஏம்ப்பா, என்ன ஆச்சு?" என்று கேட்டதும் ஃபோனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டேன். முழு விவரத்தையும் அம்மாதான் சொன்னாள். அன்றிலிருந்து நீ ஃபோனுக்கு வருவதில்லை, டோபிதான் எடுக்கிறான், செவ்வாய்க்கிழமை குழந்தைக்கு இரத்தம் எடுத்தார்கள், முடிவு இன்னும் வரவில்லை என்று அவன்தான் சொன்னான். உன்னைக் குறை சொல்ல எனக்கு என்ன இருக்கிறது. நடந்ததை என் வாயாலேயே நீ கேட்க வேண்டும், அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

மூன்று வாரத்துக்கு முன்னால் தண்ணீர் வாரியத்திலிருந்து ரோனா என்று ஒரு பெண் வந்தாள், ஊரில் அங்கங்கே சில வீடுகளில் குழாய்த் தண்ணீரைப் பரிசோதனைக்கு எடுக்கிறார்களாம். காலையில் யாராவது குழாயைத் திறந்தீர்களா என்று கேட்டாள், இல்லை என்றதும் சந்தோஷமாக ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டாள். உன் அப்பன் சும்மா இருப்பானா, "நல்லா சோதிச்சுப் பாரும்மா, இந்த நாட்டுலயே இதைவிட நல்ல தண்ணி கிடைச்சா நான் மீசையை எடுத்துக்கறேன்" என்று பீற்றிக்கொண்டேன். இரண்டு வாரம் கழித்து அவளே திரும்ப வந்தாள். தண்ணீரில் காரீயம் லிட்டருக்குப் பத்து மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாதாம், அது விஷமாம், நம் வீட்டில் அறுபத்திரண்டு. நான் நம்பவில்லை, மிஷின் கெட்டுப்போயிருக்கும் என்றேன். அவள் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் குனிந்து, நான் பச்சைப் பெயின்ட் அடித்து வைத்திருந்த குழாயை ஒரு காசால் சுரண்டினாள். உள்ளே வெள்ளி மாதிரி பளபளவென்று தெரிந்தது. இரும்பு இப்படி மின்னாது, இது காரீயக் குழாய் என்று அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா, அந்தக் குழாய்க்கு மூன்று தடவை பெயின்ட் அடித்தவன் நான்.

தண்ணீரில் ஒரு கோளாறும் இல்லை என்றுதான் அவள் சொன்னாள். மலையிலிருந்து சுத்தமாகத்தான் வருகிறது, ஆனால் நம் ஊர்த் தண்ணீர் சுண்ணாம்பே இல்லாத மென்மையான தண்ணீர் அல்லவா, அப்படிப்பட்டதுதான் காரீயத்தைக் கரைத்துக்கொண்டு வருமாம், அதிலும் இராத்திரி முழுக்கக் குழாயிலேயே நின்ற தண்ணீரில்தான் அதிகம் இருக்குமாம். அதைக் கேட்டதும் நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டேன். நீ முழுகாமல் இருந்தபோது, அங்கே கென்ட்டின் சுண்ணாம்புத் தண்ணீரில் டீ போட்டால் மேலே ஆடை படிகிறது, வாயில் வைக்க முடியவில்லை என்று ஒருநாள் சொன்னாய். அதற்கப்புறம்தானே நம் ஊர் டூகி மீன் லாரி ஓட்டிக்கொண்டு தெற்கே வரும்போதெல்லாம் நான் கேன் கொடுத்தனுப்ப ஆரம்பித்தேன். தெரு எழுந்திருக்கும் முன்னால், குழாயின் முதல் தண்ணீர்தான் நல்ல குளிர்ச்சி என்று, ஒரு சொட்டு வீணாக்காமல் பிடித்து, மூடியில் தேதி எழுதி அனுப்பினேன். குழந்தை பிறந்த பிறகு அம்மா ஒரு கேன் போதும் என்றாள், நான்தான் பால் பவுடர் கலக்க இந்தத் தண்ணீர்தான் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளும் என்று இரண்டாக்கினேன். நீ கொதிக்கவைத்துத்தான் கொடுத்திருப்பாய், நீ எதிலும் கவனமானவள், ஆனால் கொதித்தால் காரீயம் போகாதாம் ஏலி. இருப்பதிலேயே மோசமான தண்ணீரைப் பொறுக்கி எடுத்து என் பேத்திக்கு அனுப்பியிருக்கிறேன்.

டோபியிடம் நான் தனியாக மன்னிப்புக் கேட்க வேண்டும். போன வருஷம் கிறிஸ்துமஸுக்கு வந்தபோது, "மாமா, வீடு ரொம்பப் பழசாச்சே, குழாயை ஒரு தடவை பார்த்துடலாமா?" என்று மரியாதையாகத்தான் கேட்டான். நான் எல்லார் முன்னாலும், "சுண்ணாம்பைக் கரைச்சுக் குடிக்கற ஊர்க்காரன் எனக்குத் தண்ணியைப் பத்திச் சொல்ல வந்துட்டான்" என்று சிரித்தேன், அவனும் பாவம் கூடச் சிரித்தான். அதற்கும் முன்னால், பதினோரு வருஷம் இருக்கும், தெருவைத் தோண்டிப் பழைய குழாயை மாற்றினார்களே, அப்போது மதிலுக்கு வெளியே நாங்கள் மாற்றிக் கொடுக்கிறோம், உள்ளே இருப்பது உங்கள் பொறுப்பு, மாற்றிவிடுங்கள் என்று ஒரு தாள் கொடுத்தார்கள். குழாய்க்கு மேலே அம்மா ஜாம் போட வளர்க்கிற ருபார்ப் செடிப் பாத்தி பாழாகிவிடும் என்று சொல்லித் தட்டிக்கழித்தேன். அவளோ, "ருபார்ப் தண்டு கடையிலயும் கிடைக்கும், மாத்தித் தொலை" என்றுதான் சொன்னாள். உண்மையில் என் அப்பா எண்பத்தெட்டு வயது வரை குடித்த தண்ணீரில் இன்னொருவன் வந்து குறை சொல்வதா என்கிற வீம்புதான். அந்தத் தாள் இப்போதும் மேஜை இழுப்பறையில் இருக்கிறது, நேற்று எடுத்துப் படித்தேன், எல்லாம் தெளிவாகத்தான் எழுதியிருக்கிறது.

எனக்கும் அம்மாவுக்கும் இரத்தம் பார்த்தாகிவிட்டது, இருக்க வேண்டியதைவிடக் கூடத்தான், ஆனால் இந்த வயதில் எங்களுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது என்றார் டாக்டர். குழந்தைக்கு என்ன ஆகும் என்று கேட்டேன். சின்னப் பிள்ளைகளின் உடம்பு இதை அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும், அவர்கள் விஷயத்தில் கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை என்று சொல்ல முடியாது, முடிவு வரட்டும், குடிப்பதை நிறுத்தியதுதான் முதல் வைத்தியம் என்றார். அவர் மழுப்பாமல் சொன்னது எனக்குப் பிடித்தது. மிர்ரன் பேச வேண்டிய வயதில் பேசி, படிக்க வேண்டிய வயதில் படித்து வர வேண்டும், அதைப் பார்க்கும் வரை எனக்கு நிம்மதி கிடையாது, அந்தப் பயத்தை நீ தனியாகச் சுமக்காதே.

இந்த வாரம் பாத்தியைத் தோண்டிவிட்டோம். ருபார்ப் கிழங்குகளை அம்மா வாளியில் எடுத்து வைத்தாள், பள்ளத்தை நானே வெட்டினேன், பிளம்பர் வந்து நீலப் பிளாஸ்டிக் குழாய் போட்டுவிட்டுப் போனான். பழைய குழாயைக் கையில் கொடுத்தான், எவ்வளவு கனம் தெரியுமா, ஆனால் பேனாக் கத்தியாலேயே சீவலாம் போல அவ்வளவு மிருது. அதை வாசலில் போட்டிருக்கிறேன், பழைய இரும்புக்காரன் வரும் வரை போகவர என் கண்ணில் படட்டும். புதுக் குழாய்த் தண்ணீரையும் ரோனா பாட்டிலில் பிடித்துக்கொண்டு போயிருக்கிறாள், அவள் சரி என்று சொல்லும் வரை கடைத் தண்ணீர்தான் குடிக்கிறோம். பீற்றிக்கொள்ள இனி என்னிடம் ஒன்றும் இல்லை.

குழந்தைக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு கொடு, வயிறு காலியாக இருந்தால் காரீயம் சீக்கிரம் உடம்பில் ஏறுமாம், பாலும் கீரையும் நல்லது என்று டாக்டர் சொன்னார். முடிவு வந்ததும் நல்லதோ கெட்டதோ மறைக்காமல் அம்மாவிடமாவது டோபியைச் சொல்லச் சொல். நீயும் டோபியும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், என் ஆயுளில் மிச்சம் இருப்பதையும் அவளுக்கே கொடு என்றுதான் தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

ஒன்றை மறக்காதே. புதன்கிழமை டூகி உன் வீட்டுப் பக்கம் வருவான். அவனிடம் ஒரு கேன் கொடுத்தனுப்பியிருக்கிறேன், புதுசு, காலிக் கேன். உனக்கு மனசு வந்தால் உன் வீட்டுக் குழாயில் பிடித்துக் கொடுத்தனுப்பு. அதில் டீ போட்டு, மேலே படிகிற ஆடையோடு குடித்துக்கொள்கிறேன். கடிதமெல்லாம் எழுத வேண்டாம், தண்ணீர் வந்தால் போதும்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஆர்ச்சி