புனித நீரில் சாக்கடை

அன்புள்ள அப்பாவுக்கு, மகள் வணக்கத்துடன் எழுதுவது. மூட்டுவலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன்.

போன வாரம் எங்கள் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்துக்கு ஒரு போதகர் வந்தார். தான் ஓதி விற்கும் புனித நீருக்குச் சான்றிதழ் வேண்டுமாம். சோதித்தேன். சாக்கடைக் கிருமி! சொன்னதும் சிரித்தார்.

"இது சுத்தம்னு வேதமே சொல்லுதும்மா. உன் சயின்ஸ் அதுக்கு மேலயா? கையெழுத்தப் போடு."

சொல்லிவிட்டுத் தன் பையிலிருந்து, கடையில் வாங்கிய பாட்டில் தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

"குழந்தைங்க குடிக்கிற தண்ணிங்க இது. பொய் சொல்லச் சொல்லி வேதத்துல எங்க இருக்கு?" என்றேன்.

"கோவிச்சுக்காதீங்கய்யா, சின்னப் பொண்ணு" என்று அவரிடம் குழைந்த எங்கள் மேனேஜர், சான்றிதழில் தானே கையெழுத்திட்டார். போதகர் சிரித்ததைவிட அது அருவருப்பு. நான் முடிவைச் சுகாதாரத் துறைக்கு அனுப்பினேன்; அவர்கள் வந்து புனித நீர்ப் பாட்டில்களை அள்ளிப்போனார்கள். அதற்குத் தண்டனையாக எனக்கு இப்போது குடுவை கழுவும் வேலை. கவலைப்படாதீர்கள், கையாவது சுத்தமாக இருக்கிறது.

கடவுள் மேல் எனக்குக் கோபமில்லை அப்பா. ஆனால் வேதத்தைத் திறந்தாலே அந்த ஆளின் குரல்தான் கேட்கிறது. காலையில் நீங்கள் வேதம் வாசிப்பதைப் போனில் பதிந்து அனுப்புங்கள். நடுவில் இருமினால் அதை வெட்ட வேண்டாம்.

பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகள்