புயலில் போன ரெண்டாவது ஆல்பம்

29.12.2011, வியாழன்
சிதம்பரம். காலையிலிருந்து தூறல், காற்று. பேஸ் கிட்டாருக்குப் புதுக் கம்பி மாட்டினேன். புயல் கடலூர்ப் பக்கம் என்று டிவியில். எங்கள் ராக் பேண்டின் ரெண்டாவது ஆல்பம், ஒன்பது பாட்டும், கடலூர் முதுநகர் ஸ்டுடியோவில் ஒரே ஹார்ட் டிஸ்கில். ஸ்டுடியோ என்றால் ஷீட் போட்ட வாடகை வீடு. காப்பி கிடையாது.

மதியம் ரஃபி போன். எங்கள் பாடகன்.
"கடலூர் போய் டிஸ்க எடுத்தாந்துடறேன் மச்சான்."
"வேணாம்டா. பஸ்ஸ நிறுத்திடுவாங்க."
"ஏறிட்டேன்."

சாயந்திரம் பஸ் ஸ்டாண்டில் நின்றேன். அவன் வரவில்லை.

30.12, வெள்ளி
விடிந்தும் காற்று நிற்கவில்லை. தெருவெல்லாம் மரம். கரண்ட் இல்லை. ரஃபி நம்பர் ஸ்விட்ச்டு ஆஃப். பிறகு என் போனிலும் சிக்னல் போனது.

அவன் மனைவி ஷமீம், ஏழு மாதக் கர்ப்பம், நனைந்தபடி வந்தாள். "உங்ககிட்ட எதுனா சொன்னாரா அண்ணே?"
ஸ்டுடியோவில் பத்திரமாக இருப்பான் என்றேன். ஷீட் கூரை என்பது அவளுக்கும் தெரியும்.

31.12, சனி
பைக்கில் கிளம்பினேன். வழி முழுக்க மரம் அறுக்கிறார்கள். கெமிக்கல் ஃபேக்டரிகள் இருக்கும் குடிகாட்டில் ஒருவர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "கேஸ் வருதுன்றாங்க, நிக்காம போப்பா." ஒரு வாடையும் இல்லை. ஆனாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டே ஓட்டினேன்.

ஸ்டுடியோவுக்குக் கூரை இல்லை. சுவர் டிரம்ஸ் மேல். செங்கல்லைக் கையால் தள்ளினேன். அவன் செருப்பு ஒன்று. அதற்குமேல் கை வரவில்லை.

பக்கத்து வீட்டு அம்மா: "பாட்டுக்காரப் புள்ளையா? நேத்தே பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கினு போனாங்க."
"உசுரோடவா?"
"அப்ப பேசிச்சு."

ஆஸ்பத்திரியில் தரையில் பாய். தலையில் கட்டு, இடது காதில் பஞ்சு. கண் திறந்தான். "டிஸ்க் ஊறிப்போச்சு மச்சான். சட்டைக்குள்ளதான் வச்சிருந்தேன்."
ஷமீம் நல்லா இருக்கா என்றேன். அழுதான்.

1.1.2012, ஞாயிறு
ஷமீமிடம் சொன்னேன். காது பற்றிச் சொல்லவில்லை. அவள் போட்ட சாப்பாட்டில் பாதியிலேயே எழுந்துவிட்டேன்.

2.1, திங்கள்
ஷமீமைக் காரில் கூட்டிப்போனேன். டாக்டர் வராந்தாவில் வைத்து: இடது காது கேட்கவில்லை. திரும்ப வருமா, இப்போது சொல்ல முடியாது.

ரஃபி உற்சாகமாக இருந்தான். "எல்லாம் மனப்பாடம் மச்சான். முதப் பாட்டுலேர்ந்து திரும்பப் பாடிடலாம்." மெல்லப் பாடிக் காட்டினான். பல்லவி முழுக்கச் சுருதி விலகல். பத்து வருஷப் பழக்கத்தில் இப்படிக் கேட்டதில்லை. ஷமீம் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

"எப்டி இருக்கு?"

நல்லா இருக்குடா என்றேன். வலது காதுப் பக்கமாகக் குனிந்து.