எங்கே என்று கேட்காத காலை

இன்று காலை ஹோட்டல் கவுண்டருக்கு வந்த ஸ்பானியத் தம்பதிக்கு இன்னொரு தலையணை வேண்டியிருந்தது. அந்தப் பெண் "கியெரோ", எனக்கு வேண்டும், என்று ஸ்பானியத்தில் ஆரம்பித்ததுமே உன்மேல் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. போய்ச் சேர்ந்து எட்டு மாதமாகியும் நீ என்னைச் சும்மா விடவில்லை.

மலாக்கா டவுனில் இந்தச் சின்ன ஹோட்டலில் ஒன்பது வருடம் ஒரே கவுண்டரில் நின்றோம். வருகிறவர்களிடம் பேச வேண்டுமென்று கைப்பேசியிலேயே ஸ்பானியம் படித்தாய், என்னையும் இழுத்து உட்கார வைத்தாய். ஒரு மத்தியானம், கிளேபாங்கில் வாங்கி வந்த தேங்காய் ஷேக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாய்: "கெரேர்னா ஆசைப்படுறது, நேசிக்கிறது. அது எங்கேருந்து வந்துச்சு தெரியுமாடி? லத்தீன்ல குவைரெரே. தேடுறது, விசாரிக்கிறது. விசாரிச்சு விசாரிச்சே லவ்வா மாறிருச்சுலா!"

"அப்போ என் மாமியார்தான் என்னை ரொம்ப லவ் பண்றாங்க" என்றேன். நீ சிரித்த சிரிப்பில் மேனேஜர் எட்டிப் பார்த்தார்.

அப்படிச் சொன்ன நீதான் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, லீவு போட்டுவிட்டு, நான் வேலைக்கு வரும் வழியில் பஸ் நிலையத்தில் பெரிய பையோடு நின்றாய். புறப்பட்டு நிற்பவரிடம் எங்கே என்று கேட்டால் போகிற காரியம் கெட்டுவிடும் என்று நம் வீடுகளில் சொல்லிச் சொல்லியே வளர்த்துவிட்டார்கள். அதனால் எல்லாரும் கேட்பதையே நானும் கேட்டேன்: "தூரமா?"

"பக்கந்தான்லா, வந்துருவேன்."

உன் முகம் வெளுத்திருந்தது. பார்த்துவிட்டும் வாயை மூடிக்கொண்டேன். நீ தனியாகக் கோலாலம்பூருக்கு ஆபரேஷனுக்குப் போனாய். திரும்பி வரவில்லை.

யாரிடமும் சொல்லாமல் போக உனக்கென்ன அத்தனை திமிர்? எங்களைப் பயமுறுத்த வேண்டாமென்று நினைத்தாயாக்கும். நான் மட்டும் யோக்கியமா? சகுனத்துக்குப் பயந்தேன், உனக்காகப் பயப்படத் தோன்றவில்லை.

உம்பாயில் உன் வீட்டில், உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "உன்கிட்டயாவது சொன்னாளாம்மா?" இல்லையென்று தலையாட்டினேன். "நீ அவளைக் கேட்டியா?" என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே செத்திருப்பேன்.

இப்போதெல்லாம் யார் செருப்பு மாட்டினாலும் கேட்டுவிடுகிறேன்: "எங்கே போறீங்க?" மாமியார் திட்டுகிறார், கணவர் முறைக்கிறார். போன வாரம் மகள் முணுமுணுத்துக்கொண்டே திரும்பி வந்து, உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்பினாள். திட்டட்டும். பதில் வரும்வரை நான் வாசலை விட்டு நகர்வதில்லை. உன் ஒருத்தியிடம்தான் கேட்காமல் விட்டேன், பாவி.