கீழே படுத்துத் தேய்க்காத எண்

காட்டுத்தீப் புகை வந்து பள்ளிக்கூடங்களை மூடினார்களே, அந்த வருஷம் நடந்தது இது. மேல் டிவிஷனில் மிஞ்சியிருந்த ரப்பர் மரங்களைச் சாய்த்ததும், மூக்கில் துணி கட்டிக்கொண்டு நாம் மாரியம்மன் தேர் இழுத்ததும், உன் மகளுக்கு நிச்சயம் செய்ததும் அந்த வருஷம்தான். எனக்குத் தேதி தெரியாது. இப்படித்தான் ஞாபகம் வைத்திருக்கிறேன்.

நேற்று ரந்தாவ் டவுனில் பஸ்ஸுக்கு நின்றேன். மணல் லோரி ஒன்று இறக்கத்தில் வந்து சிக்னல் விளக்கு முன்னால் நின்றது. பிரேக் கருகிய வாசம். அங்கேயே குந்திவிட்டேன். பக்கத்தில் நின்ற மலாய்க்காரப் பெண் தண்ணீர் கொடுத்தாள். நீ செத்துப்போய் நாற்பது நாள்கூட ஆகவில்லை. உன்னிடம் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

தோட்டத்தில் ஒரே லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்தோம். நீ படித்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியானாய், நான் அதே தோட்டத்தின் கேட்டில் காவல் நிற்கும் ஜாகா. கேட்டில் உன்னை "ஐயா" என்பேன், வீட்டுக்கு வந்தால் "டேய்". நீ எங்கேயும் "அண்ணே"தான்.

திங்கட்கிழமை காலையில், செம்பனைப் பழம் ஏற்ற வரும் குத்தகை லோரிகள் கேட்டுக்கு வெளியே வரிசையாக நிற்கும். லோரிக் கம்பெனியின் பெர்மிட், லோரியின் பதிவுப் பத்திரமான கிராண்ட், ரோட் டேக்ஸ், பரிசோதனைச் சீட்டு எல்லாவற்றையும் நீ படிப்பாய். உன் முழங்கால் மடங்காது. அதனால் லோரிக்கு அடியில் நான் போவேன். லோரியின் இரும்பு அடிச்சட்டத்தில் குத்தியிருக்கும் எண்ணின் மேல் மெல்லிய தாளை வைத்து பென்சிலால் தேய்த்தால் எண் அப்படியே தாளில் ஏறிவிடும். என்ன எண் என்று எனக்குத் தெரியாது. நீ அதைக் கிராண்டோடு ஒத்துப் பார்த்து ஃபைலில் ஒட்டுவாய்.

"எழுதத் தெரியாத ஆளு எழுதற எழுத்துதான்ணே இங்க செல்லுது" என்று கிண்டல் செய்வாய். எனக்கு அதில் பெருமை.

பிறகு லோரிகள் கூடிப்போயின. "நம்பரு மாறவா போவுது? நாலஞ்சு தாளு சேத்துத் தேச்சுக் குடுத்துடுங்க, வாராவாரம் ஒண்ணு ஒட்டிக்கறேன்" என்றாய். எனக்கும் முதுகுக்குச் சுகமாக இருந்தது. சரியென்றேன்.

அந்தத் திங்கட்கிழமை வந்த நீல லோரியின் நம்பர் பிளேட், படிக்கத் தெரியாவிட்டாலும் என் கண்ணுக்குப் பழக்கமான பிளேட்தான். ஆனால் அந்த நம்பர் லோரியின் இடதுபக்கப் படி, நம் கேட் தூணில் இடித்து வளைந்தது. இதில் படி நேராக இருந்தது, துருவேறி. பிளேட்டை முடுக்கிய ஆணிகள் மட்டும் புதுசு.

"ஐயா, இது அந்த லோரி இல்ல."

"காயிதம் எல்லாம் சரியா இருக்குண்ணே."

"நான் கீழ பூந்து தேச்சிட்டு வந்துடறேன்."

"எட்டு லோரி நிக்குது. மானேஜரு மூணு தரம் கூப்ட்டாரு. பழைய தாளு இருக்குல்ல, தொறந்து விடுங்க லா. படிய வச்சி லோரிய நிப்பாட்ட முடியுமா?"

வரிசையில் நின்ற டிரைவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. இதுவரை நடந்தது உனக்கும் தெரியும். இதற்கு மேல் நடந்தது தெரியாது.

நான் கேட் கட்டையைத் தூக்கும்போது அந்த நீல லோரியின் டிரைவர் மாணிக்கம் தலையை வெளியே நீட்டி, மெதுவாகச் சொன்னான்: "மொதலாளி இதத்தான் எடுத்துட்டுப் போன்னாருண்ணே. பிரேக்கு ரொம்ப ஆழமா போவுது. கிராணிகிட்ட கொஞ்சம் சொல்லுங்களேன், நீங்க சொன்னா அவரு கேப்பாரு."

நீ பத்தடி தூரத்தில் மேசையில் இருந்தாய். கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பாய். அத்தனை பேர் முன்னால் சிரிக்க வைத்தாயே, இன்னொரு தரம் உன்னிடம் வந்து நிற்பதா என்று ஒரு வீம்பு. "போப்பா, சாயங்காலம் பேசிக்கலாம்" என்று கட்டையைத் தூக்கினேன்.

பழம் ஏற்றிக்கொண்டு ஆலை இறக்கத்தில் இறங்கியபோது லோரி நிற்கவில்லை. மதகுச் சுவரில் மோதிக் கவிழ்ந்தது. மாணிக்கத்தைக் குலைகளுக்கு அடியிலிருந்து பிணமாகத்தான் எடுத்தோம். நீயும் நானும்தான் தலைமாட்டில் பிடித்தோம்.

போலீஸ் படம் எடுத்துப் போனதும் லோரிக் கம்பெனிக்காரன் கிரேன் கொண்டுவந்து லோரியை அள்ளிப் போய்விட்டான். விசாரிக்க வந்தவர்களுக்கு மிஞ்சியது உன் ஃபைல். அன்றைய பக்கத்தில் பழைய தாள் ஒட்டியிருந்தது. "இந்த எண்ணை அன்றைக்குக் காலையில் நீதானே தேய்த்தாய்?" என்று கேட்டார்கள். நீ தரையைப் பார்த்தாய். "ஆமாம் துவான்" என்று கைநாட்டு வைத்தேன். உன்னைக் காப்பாற்றினேன் என்று நீ நினைத்தாய். நான் காப்பாற்றியது என்னை; இல்லை என்றிருந்தால் மாணிக்கம் என்னிடம் சொன்னதும் வெளியே வந்திருக்கும்.

லோரி சோதித்துவிட்ட லோரி, ஓட்டியவன்தான் தப்பு என்று முடித்தார்கள். குடித்திருந்தான் என்று லயத்தில் யாரோ ஆரம்பிக்க, எல்லாரும் பேசினார்கள். அவன் பெண்சாதி தண்ணீர்க் குழாய்க்கு வந்தால் பேச்சு நிற்கும். ஒருநாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பகாவ் டவுனுக்குப் போய்விட்டாள்.

அதன்பிறகு ஓய்வு பெறும்வரைக்கும் லோரிக்கு அடியில் நீயே போனாய். மடங்காத காலை ஒருபக்கமாக நீட்டிக்கொண்டு, சகதியில் முதுகால் தேய்ந்து தேய்ந்து உள்ளே போவாய். "நான் போறேன்டா" என்றால், "வேணாம்ணே, நான் பண்ணுன பாவம்" என்பாய். வெளியே வரும்போது உன் கையைப் பிடித்துத் தூக்கிவிடுவேன். எத்தனையோ திங்கட்கிழமை. அந்தக் கை என் கையில் இருக்கும்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தக் கையை நீ விட்டுவிடுவாயோ என்று பயம்.

இப்போது அரசாங்க ஆட்கள் கம்பெனி கம்பெனியாகப் போய், லோரிகளின் பதிவையும் பிரேக்கையும் சோதிக்கிறார்களாம். மருமகள் போனில் படித்துக் காட்டினாள். நீ இருந்தால் உன் வீட்டுக்கு ஓடிவந்திருப்பேன். வந்தும் சொல்லியிருக்க மாட்டேன்.

சிரம்பான் ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது வாய் உலர்ந்து கிடந்தாய். "அந்தப் பையன கொன்னுட்டேன்ணே" என்றாய். நான் உதட்டில் தண்ணீர் தொட்டு வைத்தேன். "கொன்னது நீ இல்லடா" என்று மட்டும் சொன்னேன். ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டாய். மறுநாள் நீ இல்லை.

இதை எழுதிக்கொண்டே வந்த மருமகள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. "அந்த டிரைவரு பெண்சாதி பகாவுல எங்க இருக்காங்க மாமா?" என்றாள். சந்தைக்குப் பின்னால், மகன் வீட்டில் என்றேன். நாளைக்குக் காரில் கொண்டுபோய் விடுவதாகச் சொல்லிப் பேனாவை எடுத்தாள்.

மானேஜர் போய்விட்டார். விசாரித்தவர் போனார், அந்த முதலாளியும் போனான், இப்போது நீயும். பிரேக் சரியில்லை என்று தன் புருஷன் வாய்விட்டுச் சொன்னான், நான்தான் அதை விழுங்கினேன் என்று கேட்பதற்கு ஒருத்திதான் இன்னும் உயிரோடு இருக்கிறாள். அவள் பெயர் அஞ்சலை.