புகையனுக்கு வைத்த கண்ணீர் அஞ்சலி

ஆடி 23, வெள்ளி

காலையிலிருந்து மேகமூட்டம். மழை இல்லை, புழுக்கம்தான். மாரியம்மன் கோயிலில் கூழ். ஒரு சொம்பு வாங்கி வந்தேன். உப்பு அதிகம்.

எழுதப் படிக்கத் தெரியாது எனக்கு. இந்தப் போனில் மைக் படத்தைத் தொட்டுவிட்டுப் பேசினால் அதுவே எழுதிவைத்துக்கொள்கிறது. ரேடியோவில் செய்தி சொல்கிற மாதிரி நிறுத்திப் பேசினால் ஒழுங்காக எழுதுமாம், பேத்தி மலர் சொன்னாள். அப்படியே பேசுகிறேன். மற்றவர்கள் பேச்சை மட்டும் அவர்கள் பேசினபடி. தப்பாக எழுதினால் எழுதிக்கொள்ளட்டும்.

இன்று அந்தப் புகையன் படம் ரிலீஸ். ஒருத்தன் கம்பெனித் தீயில் மாட்டிக்கொள்கிறான், அதிலிருந்து நினைத்தபோது புகையாக மாறுவான், சாவித் துவாரத்தில்கூட நுழைவான், அக்கிரமக்காரனைப் பிடிப்பான். முதலில் புத்தகமாக வந்த கதை. மலர் காலேஜ் படிக்கும்போதே வாங்கியது, முழுக்கப் படம். படக்கதை என்றால் அவளுக்குக் கோபம் வருகிறது. கிராஃபிக் நாவல் என்று சொல்லவேண்டும்.

மலருக்கு ஆனியில் நிச்சயம் ஆனது. மாப்பிள்ளை தினேஷ், வில்லியனூர், கம்பெனியில் மிஷின் ஓட்டுகிறான். புகையனாக நடிக்கிற நடிகருக்கு வில்லியனூரில் மன்றம் நடத்துவதும் அவன்தான். விடியற்காலைக் காட்சிக்கே போய்விட்டு மலருக்குப் போன் போட்டான். ஸ்பீக்கரில் வைத்திருந்தாள், எனக்கும் கேட்டது.

"மலரு, அழுதுட்டேன். சத்தியமா. தியேட்டரே அழுவுது."

"கதைய சொல்லாத. ஞாயித்துக்கிழம வர்றோம்."

முழங்கால் வலி குறைவு.

ஆடி 25, ஞாயிறு

வெயில். படத்துக்குப் போனோம். மலர், என் மகள் சரோசா, நான். சரோசா புருஷன் தவறின பிறகு சினிமாக் கொட்டகைப் பக்கம் வந்தது இதுதான் முதல் தடவை. தினேஷ் வாசலில் நின்றிருந்தான், முந்திரிப் பருப்புப் பொட்டலத்தோடு.

சத்தம் அதிகம். ஆரம்பத்தில் கண் கூசியது. பிறகு பழகிவிட்டது. கடைசியில் ஊரைக் காப்பாற்றப் புகையன் புகையாகவே மேலே போய்விடுகிறான். திரும்பி வரவில்லை. நிறைய வயலின். எனக்குப் பக்கத்து ஸீட்டுக்காரன் மூக்கைச் சிந்தினான். சரோசாவும் அழுதாள், அவளுக்கு அழ வேறு காரணமும் உண்டு. தினேஷ் அழுதான். மலர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வெளியே வந்ததும் தினேஷ் கேட்டான்: "எப்டி?"

"புத்தகத்துல அவன் சாவ மாட்டான்."

"அய்ய, அது புத்தகம். இது படம்."

"படம் எனக்குப் புடிக்கல தினேஷ்."

சிரித்தான். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டான் போல.

புத்தகத்தை மலர் எனக்குப் பக்கம் பக்கமாகக் காட்டியிருக்கிறாள். எழுத்து எனக்கு வேண்டாம், படமே சொல்கிறது. அதில் அவனுக்குப் புகை சக்தி போய்விடும். வீட்டுக்குத் திரும்புவான். கடைசிப் படத்தில் தலை நரைத்து ரேஷன் கடை வரிசையில் நிற்கிறான், யாருக்கும் அவனைத் தெரியவில்லை. பஸ்ஸில் வரும்போது மலர் சொன்னாள்: "சாவுறது ஈஸி தாத்தா. மறுநாள் எழுந்து எண்ணெ வாங்கப் போறான் பாரு, அதான் கதை. அத புடுங்கிட்டு வயலின் வாசிச்சிட்டானுங்க."

சரோசா, "எனக்குப் புடிச்சிருந்துச்சி" என்றாள். மலர் அம்மாவிடம் ஒன்றும் வாதாடவில்லை.

ஆடி 26, திங்கள்

டீக்கடையில் இதே பேச்சு. யார் யார் என்ன சொன்னார்கள்:

டீ மாஸ்டர் – முதல் பாதி தூக்கம், பின்பாதி நல்ல தூக்கம்.

டவுன் பஸ் கண்டக்டர் – இரண்டு தடவை பார்த்தானாம், இரண்டு தடவையும் அழுகை. மூன்றாவது தடவை பெண்டாட்டியோடு போகிறானாம், அவள் அழுகிறாளா என்று பார்க்க.

கரும்பு வெட்டுகிற ஆட்கள் – சண்டை குறைவு. புகையாகப் போகிறவன் எதற்கு அடி வாங்குகிறான்? நியாயமான கேள்வி.

அந்தோணி (என் வயது, வருஷா வருஷம் மாதா கோயில் தேருக்குப் போகிறவன்) – "இன்னாத்துக்குடா அழுவுறீங்க? ரெண்டாம் பாகம் கீதுல்ல? மூணாம் நாளு எழுந்து வந்துடுவான்."

சண்டை வரும் அளவுக்கு ஆகிவிட்டது. ஒருத்தன், பிடிக்காதவனுக்கெல்லாம் மனசே இல்லை என்றான். மாஸ்டர் அவனுக்கு டீ ஆற்றவில்லை.

மலரும் போனில் ஸ்டேட்டஸ் வைத்திருக்கிறாளாம், படம் ஏன் சரியில்லை என்று. தினேஷின் மன்றத்துப் பையன்கள் பார்த்துவிட்டார்கள். "உன் ஆளையே உன்னால கன்ட்ரோல் பண்ண முடியல, நீ மன்றம் நடத்தறியா" என்று அவனைக் கேட்டார்களாம். ஸ்டேட்டஸை எடுக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறான். எடுக்கவில்லை.

மாட்டுக்குத் தவிடு தீர்ந்துவிட்டது. வாங்கவேண்டும்.

ஆடி 28, புதன்

விடியும் நேரத்தில் தூறல், பிறகு நின்றுவிட்டது.

பஸ் ஸ்டாப்பில் புது பேனர். தூரத்திலிருந்தே சாவு பேனர் என்று தெரிந்தது. எழுத்து எதற்கு, மேலே கண்ணீர் விடுகிற கண், கீழே குத்துவிளக்கு, ரோஜாப் பூ. சாலைக்கு அந்தப் பக்கம் நின்று யார் போனது என்று யோசித்தேன். இந்த வாரம் ஊரில் சாவு இல்லை. கிட்டே போனால் நடுவில் புகையன். மாலை போட்டிருக்கிறது.

கீழே வரிசையாக மன்றத்துப் பையன்கள் முகம், எல்லாம் கை கூப்பி. கடைசியில் தினேஷ். அவன் பக்கத்தில் மலர். நிச்சயத்தில் எடுத்த போட்டோ, பட்டுப் புடவை, தலை நிறையப் பூ, சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

டீ மாஸ்டரை வாசிக்கச் சொன்னேன். "எங்களை விட்டுப் பிரிந்த புகையனே, உனக்குக் கண்ணீர் அஞ்சலி. ஆறாத் துயரில்..." அப்புறம் பேர்கள். கடைசியாக "தினேஷ் – மலர்விழி".

பஸ்ஸிலிருந்து இறங்கின இரண்டு கிழவிகள், வேறு ஊர்க்காரர்கள், நின்றுவிட்டார்கள்.

"எந்த வூட்டுப் புள்ள? சின்ன வயசா கீதே."

"சினிமாவுல செத்தவன் ஆயா" என்றான் மாஸ்டர்.

"எதுல செத்தா இன்னாடா? பெத்தவளுக்கு வயிறு எரியாதா?" ஒருத்தி மார்பில் ஒரு அடி அடித்துக்கொண்டாள்.

படம் பார்க்காதவர்கள் தனியாகத் திட்டினார்கள், பேனரிலேயே கதை முடிவைச் சொல்லிவிட்டார்களே என்று.

வில்லியனூரில் ஒன்று வைத்ததோடு தினேஷ் விட்டிருக்கலாம். பெண் எடுக்கிற ஊராயிற்றே என்று இங்கேயும் ஒன்று கட்டியிருக்கிறான். ஸ்டேட்டஸ் விஷயத்தில் கேலி செய்தவர்களுக்கு, என் ஆளும் என் பக்கம்தான் என்று காட்டவும்தான்.

சரோசா பாலுக்குப் போனவள் பார்த்துவிட்டாள். பால் இல்லாமல் திரும்பி வந்தாள். "தாலி ஏறப்போற பொண்ணு மூஞ்சிய சாவு பேனர்ல போட்டுட்டானேப்பா. அதே எடத்துல." மூன்று வருஷத்துக்கு முன் மருமகனுக்குப் பேனர் கட்டினது அந்த இரண்டு கம்பத்தில்தான்.

மலர் வேலை பார்க்கிற மெடிக்கல் ஷாப்பிலிருந்து சாயங்காலம் வந்தாள். வரும்போதே பார்த்திருப்பாள். சாப்பிடவில்லை.

சரோசா சகுனத்தைச் சொல்லி அழுகிறாள். மலர், "சகுனம் கெடக்கட்டும்மா. புடிக்கலன்னு அவன் மூஞ்சிக்கி நேரா சொன்னேன். நான் அழுவுறேன்னு போட்டு ஊருக்கே காட்டிட்டான்" என்றாள்.

ஒரே பேனர். இரண்டு பேருக்கு இரண்டு காயம்.

ஆடி 29, வியாழன்

பஸ் மாறி வில்லியனூர் போனோம். நானும் சரோசாவும் மட்டும் என்று ஏற்பாடு. மலர் லீவு போட்டுவிட்டு வந்து ஏறிக்கொண்டாள்.

சம்பந்தி நல்ல மனுஷன். மில்லில் வேலை பார்த்தவர். வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டார். "மாமா, பையன் தெரியாம செஞ்சிட்டான். நானும் காலைல அறைஞ்சேன்." தினேஷ் கன்னத்தைப் பார்த்தேன். அறைந்த மாதிரி தெரியவில்லை.

பேசினது பரிகாரத்தைப் பற்றி. கோயிலில் இரண்டு பேர் பேருக்கும் அர்ச்சனை. பூசணிக்காய் சுற்றி உடைப்பது. பேனரை இறக்க மன்றத்துப் பையன்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், படம் ஓடி முடிகிற வரைக்கும் இருக்கும் என்கிறார்கள், அதைத் தினேஷ் பார்த்துக்கொள்வான். சரோசாவுக்கு முகம் தெளிந்தது. "சரிண்ணா" என்றாள். காப்பி வந்தது.

மலர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: "தினேஷ், படம் எனக்குப் புடிச்சிதா?"

எல்லாரும் அவளைப் பார்த்தோம்.

"இன்னா மலரு இப்ப..."

"சொல்லு. புடிச்சிதா, புடிக்கலியா?"

"புடிக்கல."

"அப்ப என்னய ஏன் அழவுட்ட?"

"நாம ரெண்டு பேரும் ஒண்ணுதானேன்னு போட்டேன்."

"ஒண்ணுன்னா நீ சொல்றதத்தான் நானும் சொல்லணுமா? இன்னிக்கிப் படம். நாளைக்கி?"

சம்பந்தி சிரிக்கப் பார்த்தார். "ஒரு சினிமாவுக்கா இவ்ளோ பேச்சும்மா?"

"சினிமாவுக்கே என்னய கேக்க மாட்டார்னா வேற எதுக்குக் கேப்பாரு மாமா?"

எழுந்து வெளியே போய்விட்டாள். தினேஷ் எழுந்தான், நின்றான், உட்கார்ந்தான். சரோசா சம்பந்தி அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டாள். எதற்கு என்று தெரியவில்லை.

திரும்பும் பஸ்ஸில் மலர் சொன்னாள்: "எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம் தாத்தா." முன் ஸீட்டில் இருந்த சரோசா திரும்பவில்லை. காதில் விழுந்ததை முதுகு காட்டியது.

ஜன்னல் பக்கம் உட்காருகிறாயா என்று கேட்டேன். உட்கார்ந்தாள்.

மண்டபம் பேசியாகிவிட்டது. பத்திரிகை அச்சுக்குப் போகவேண்டியது.

ஆடி 30, வெள்ளி

நல்ல வெயில். சுதந்திர தினம். பள்ளிக்கூடத்தில் கொடி ஏற்றினார்கள். எனக்கும் ஒரு ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார்கள்.

மிட்டாய் வாயில் இருக்கும்போதே சரோசா ஓடிவந்தாள். "அப்பா, பேனர்ல அவ மூஞ்சிய மட்டும் அறுத்து எடுத்துட்டாங்க."

போய்ப் பார்த்தேன். உண்மை. மலர் இருந்த இடத்தில் சதுரமாக ஓட்டை. பிளேடு போட்டு நேராக வெட்டியிருக்கிறது. பின்னால் நிற்கிற கரும்பு லாரி அதன் வழியே தெரிந்தது. புகையனும் மற்றவர்களும் அப்படியே. தினேஷ் முகம் ஓட்டைக்குப் பக்கத்தில் கை கூப்பிக்கொண்டு.

"போட்டது ஒரு பாவம், அறுத்தது அத வுட பாவம்" என்று சரோசா தெருவிலேயே அழுதாள்.

வீட்டுக்கு வந்தால் தினேஷ் வாசற்படியில். மடியில் சுருட்டின ஃபிளெக்ஸ் துண்டு. விரலில் பிளேடு வெட்டு, துணி சுற்றியிருந்தான். சரோசா அவனைப் பார்த்துக் கையை ஓங்கிவிட்டாள்.

"ம்மா, நாந்தான் அறுக்கச் சொன்னேன்" என்றாள் மலர்.

விஷயம் இதுதான். காலையில் போன் செய்திருக்கிறான். மொத்தமாக இறக்கவா, உன்னை மட்டும் எடுக்கவா, அப்படியே விடவா, நீயே சொல் என்று கேட்டானாம். மலர் சொன்னாளாம்: நீ அழுதது நிஜம், நீ இரு. நான் அழவில்லை, என்னை எடு.

"இது வரைக்கும் அவன் என்கிட்ட கேட்டுச் செஞ்சது இது ஒண்ணுதாம்மா."

சரோசாவுக்குப் புரியவில்லை. எனக்கும் முழுக்கப் புரிந்தது என்று சொல்லமாட்டேன்.

மன்றத்துப் பையன்கள் பேனரைக் கெடுத்துவிட்டான் என்று தினேஷோடு இனிப் பேசமாட்டார்களாம். அதைச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினான். "ஆனா ஒண்ணு தாத்தா. படம் சூப்பர் படம். அதுல மாத்தமே இல்ல."

"குப்பை" என்றாள் மலர்.

"எது குப்பை? அந்த ஃபேக்டரி சீன் குப்பையா?"

"அதுலேருந்துதான் குப்பையே ஆரம்பம். உக்காரு, சொல்றேன்." உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்து வந்தாள். போகிற போக்கில் அம்மாவிடம்: "மண்டபம் வேணாம்னு ஒண்ணும் போன் பண்ணாத. அப்டியே இருக்கட்டும்."

சரோசா கையில் அந்தத் துண்டு. அடுப்பில் போட முடியாது, பெண் முகம். குப்பையில் போட முடியாது. சுவரில் மாட்டினால் அவள் அப்பா போட்டோவுக்குப் பக்கத்தில் வரும், அது கூடவே கூடாது. வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள். கடைசியில் பீரோவைத் திறந்து, முகூர்த்தப் புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டினாள்.

சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன். இரண்டு பேரும் வரவில்லை. சீன் சீனாகச் சண்டை. இப்போதுதான் இடைவேளை வரைக்கும் வந்திருக்கிறார்கள்.